மூட்டைக்குக் காய்ச்சல்

அந்த வருஷம் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்ட முதல் கேள்வி, "பன்னிங்க எப்படி இருக்காம்?" என்பதுதான். டீக்கடையில் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள்.

இத்தனைக்கும் அந்த ஊரில் பன்றி என்று ஒன்று கிடையாது. பன்றிகள் இருந்தது கடல் தாண்டி, அதற்கப்புறம் இன்னொரு கடலும் தாண்டி, இவர்களில் எவரும் கண்ணால் கண்டிராத ஒரு தேசத்தில். அதுகளுக்குத் தீவனம் போனது இங்கிருந்து. முள்ளும் செதிலுமாய் மனுஷன் சீண்டாத பொடிமீனைப் படகுகள் கொண்டுவந்து கொட்டும். ஆலை அதை வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, அரைத்துத் தூளாக்கிச் சாக்கில் கட்டும். கப்பல் வந்து அள்ளிக்கொண்டு போகும். படகுக்காரர், ஆலைக்காரர், லாரிக்காரர் மட்டும் அதில் பிழைக்கவில்லை. தையற்கடைக்காரர், முடிவெட்டுகிறவர், டியூஷன் வாத்தியார், பஞ்சர் ஒட்டுகிறவர் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது மீன்தூளால்தான். நாற்றமா? பஸ் ஊர் எல்லையைத் தொட்டதும் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வாசனை வராவிட்டால்தான் வயிற்றைக் கலக்கும்.

முந்தின வருஷம் விலை எக்கச்சக்கமாக ஏறியது. ஏன் ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. ஏறும்போது எவன் கேட்கிறான்? பைக் வாங்கினார்கள், மாடி எடுத்தார்கள், இனி இப்படியே போகும் என்று நினைத்தார்கள். பிறகு பன்றிகளுக்குக் காய்ச்சல் வந்தது. கூட்டம் கூட்டமாகச் செத்தன. சாகாததையும் கொன்று புதைத்தார்கள். அது அடங்குவதற்குள் உலகத்தின் வேறொரு மூலையில் சண்டை மூண்டது, அந்தப் பக்கம் வரமாட்டோம் என்று கப்பல்காரர்கள் கையை விரித்தார்கள். மாதம் தவறாமல் வந்த கப்பல் வரவில்லை. டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர், ஒரே சரக்கை நம்பிய ஊர்கள் இப்படித்தான் அடிபடும், பல தொழில் பழகவேண்டும் என்று விளக்கினார். சரியாகத்தான் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தத் தொழில் பழகுவது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார், மகராசன்.

அந்த ஆலையில் மூட்டை தைத்தாள் ஒருத்தி. கம்பியில் தொங்கும் கைமெஷினைப் பிடித்து, தூள் நிரம்பி வரும் சாக்கின் வாயை ஒரே இழுப்பில் தைத்து அனுப்புவது அவள் வேலை. மெஷின் மக்கர் பண்ணினால் கோணி ஊசி எடுப்பாள். ஊரில் தையல்காரி என்று கூப்பிட்டால் துணி தைக்கிறவர்கள் யாரும் திரும்பமாட்டார்கள், அவள்தான் திரும்புவாள். ஊர் மூட்டை வாயை எல்லாம் தைக்கிறவள் தன் வாயைத் தைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாளே என்று மாமியார் தினம் ஒரு தடவையாவது சொல்வாள். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். நாக்குதான் நீளமே தவிர அவள் கெட்ட மாமியார் இல்லை.

தையல்காரியின் புருஷன் அதே ஆலையில் கொடௌன் மேஸ்திரி. ஊர் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவர் மேல் வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாயில் குமிழ் ஓடுகிற கட்டை, அதேதான். மேஸ்திரிக்கு அது கண்ணிலேயே இருந்தது. அவர் போடச் சொல்லும் அட்டி, அதாவது மூட்டை அடுக்கு, கட்டிய சுவர் மாதிரி நிற்கும். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே சீப்பு நுழைந்தால் போதும், வரிசை முழுவதையும் பிரித்து மறுபடி அடுக்கச் சொல்வார். வீட்டிலும் இதே கதைதான். காலண்டர் கோணலாகத் தொங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கழற்றிப்போட்ட செருப்பு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தால் எழுந்து போய்த் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

கப்பல் வரவில்லை என்பதற்காக மீன் வராமல் இருக்குமா? அதற்கு உலகச் செய்தி தெரியாது. அதன் காலத்தில் அது கரையோரம் திரண்டு வந்தது. இந்த மாதங்களில் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். ஆலை மேனேஜர் படகுக்காரர்களையும் ஆலை ஆட்களையும் கூப்பிட்டு வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். இப்போது பாதிக் கூலிதான் தரமுடியும், மீதி கப்பல் ஏறின பிறகு. சம்மதம் என்றால் மீனை விடாமல் அரைத்து மூட்டையாக்கிக் கொடௌனில் வைத்துக் காத்திருப்போம். பேசிப் பேசி, கடைசியில் எல்லாரும் சம்மதித்தார்கள். அப்புறம் ஊரின் ஒரு வருஷ உழைப்பு மொத்தமும் ஒரே கூரையின் கீழ் சேர ஆரம்பித்தது.

அந்தக் கொடௌன் அத்தனையும் கொள்ளுமா என்பதுதான் எல்லாருக்கும் கவலை. கப்பலுக்குக் காத்திருக்கும் கொஞ்ச நாளுக்கென்று கட்டிய இடம் அது. ரசமட்டம் ஒரு முழுக் காலைப்பொழுது சுவரையும் தூணையும் உத்தரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டைக்குப் போகிறவர் மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நடைபாதை வேண்டாம் என்றார். ஜன்னல் ஓரம் விட்டிருந்த இடத்தையும் நிரப்பினார். ஒரு வரிசை நெடுக்கே, அடுத்தது குறுக்கே என்று பூட்டுப் போட்டதுபோல் கோத்து, மூட்டைகளை உத்தரம் வரை ஏற்றினார். எலி நுழைய இடம் இல்லை, அப்படி ஒரு நெருக்கம். கொள்ளாது என்று பந்தயம் கட்டியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் பந்தயக் காசை எண்ணி வைத்தார்கள். பக்கத்து ஊர் ஆலையிலிருந்துகூட ஆள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனான். தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்று, என் வீட்டுக்காரர் அடுக்கினது என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் சொன்னாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. சுமை தூக்குகிறவர்கள் நனைந்து வந்து அட்டியில் சாய்ந்தால் முதுகுக்கு இதமாக இருந்தது. வெதுவெதுப்பு. ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அட்டியை ஒட்டிப் படுக்க இடம்பிடித்தார்கள். ஈரச்சட்டையை மூட்டை மேல் விரித்துவிட்டால் டீ குடித்து வருவதற்குள் காய்ந்து கிடந்தது. ஊர் முழுக்கத் துணி காயாமல் புழுங்கிப் போயிருக்க, ஆலைக்காரர் வீட்டுத் துணி மட்டும் மொறமொறவென்று இருந்தது. வீட்டிலிருந்து போர்வையை எல்லாம் கொண்டுவந்து காயப்போட்டவர்கள் உண்டு. தையல்காரியும் இரண்டு துண்டுகளைப் போட்டாள். ஏன் மறைக்கவேண்டும், அவளுக்கும் அந்தக் கதகதப்பு பிடித்துத்தான் இருந்தது.

ஒருநாள் துண்டை எடுத்து முகத்தில் ஒற்றினவள் அப்படியே நின்றுவிட்டாள். துண்டு தீய்ந்த வாசனை அடித்தது. அடுப்பில் எதையோ மறந்துவிட்டு வந்தால் வருமே, அந்த வாசனை. கையை மூட்டைகளுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கலாம் என்றால் விரல் நகம்கூடப் போகவில்லை. அவள் புருஷன் அடுக்கியதாயிற்றே. இடுப்பில் செருகியிருந்த கோணி ஊசியை எடுத்து மூட்டைக்குள் அடிவரை இறக்கினாள். கொஞ்ச நேரம் விட்டுவைத்து, உருவிக் கன்னத்தில் வைத்தாள். சுரீர் என்றது. வேறு மூட்டையில் பார்த்தாள். அங்கேயும் சுரீர். மீன்தூளில் எண்ணெய் இருக்கிறது, சூடு ஏறினால் தானாகப் பற்றும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அதுதான் அவளுக்கு மலைப்பாக இருந்தது. அந்த அட்டியைப் போட்ட நாளிலிருந்து மனுஷன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார். வீட்டில் தட்டு வைத்து, பரிமாறி, அவர் ஒரு வாய் சாப்பிட்ட பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, அட்டிக்குள்ள சூடு ஏறுதுங்க. ஊசி விட்டுப் பாத்தேன்."

அவர் கை பாதியில் நின்றது. "என் அட்டிய ஊசியால குத்தினியா?"

சூடு என்ற வார்த்தையே அவர் காதில் ஏறவில்லை. காற்றே போகாத இடத்தில் நெருப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டார். இத்தனை வருஷமாக இப்படித்தான் அடுக்குகிறேன், எந்த மூட்டை எரிந்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இத்தனை வருஷமாக எந்த மூட்டையும் அங்கே இத்தனை நாள் தங்கியதில்லை என்பதை அவர் மறந்துபோனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார், மழைக்குச் சூடாக இருந்தால் நல்லதுதானே என்று மகனுக்கு ஒத்து ஊதினாள்.

தையல்காரி விடவில்லை. "காய்ச்சல்காரனுக்கு மேல மேல போர்வைய போத்தினா மாதிரி இருக்குங்க. சூடு வெளிய போக வழியே இல்ல. நீங்க ரொம்ப நல்லா அடுக்கிட்டீங்க, அதுதான் வினையா போச்சு."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். காலண்டர் கோணலாகத் தொங்கியது, அதைக்கூடச் சரிசெய்யவில்லை. நாளைக்கு மேனேஜரிடம் நேரே போய்ச் சொல்லலாம்தான். புருஷனைத் தாண்டிப் போய்ச் சொன்னாள் என்று ஊர் பேசும், பேசட்டும். அவர் முகம் விழுந்துபோகுமே, அதை எப்படிப் பார்ப்பது?

காலையில் அவள் எழுந்தபோது அவர் இல்லை. அவளுடைய கோணி ஊசியும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு ஆலைக்கு ஓடினாள். கொடௌன் கதவு திறந்திருந்தது. ரசமட்டம் அட்டியின் முன்னால் நின்றிருந்தார், கையில் ஊசி. கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. ஒரு மூட்டையோடு நம்பாமல், அட்டி நெடுகக் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. அவளைப் பார்த்ததும் ஊசியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மேனேஜர கூட்டிட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லு."

அவ்வளவுதான் சொன்னார். அந்த நிமிஷத்தில் அவருக்குள்ளே என்ன இடிந்து விழுந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஆள் தன் தப்பைத் தானே தேடிக்கொண்டு போய்ப் பார்ப்பது சும்மாவா? அவளுக்கு அவர் காலைத் தொடவேண்டும்போல் இருந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை, ஓடினாள்.

மேனேஜர் நீளமான வெப்பமானிக் கம்பியோடு வந்தார். நடு அட்டியில் அதை இறக்கிப் பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. அவரும் நல்ல மனுஷர், பழியை மேஸ்திரி தலையில் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. தூள் சூடேறாமல் இருக்க ஒரு மருந்து கலப்பார்கள். அதுவும் கப்பலில் வருவதுதான். கப்பல் நின்றதால் இருந்த மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டுச் சமாளித்ததாக எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அரை மருந்தும், நெருக்கமான அட்டியும், வராத கப்பலும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன.

இப்போது என்ன செய்வது? தண்ணீர் அடித்தால் மொத்தமும் கெட்டுப்போகும். அப்படியே விட்டால் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துத் தனித்தனியாக ஆறவிட வேண்டும், அது ஒன்றுதான் வழி. ஆனால் பிரித்து எங்கே வைப்பது? வெளியே மழை கொட்டுகிறது. மேனேஜர் கையைப் பிசைந்தார். சுமை தூக்குகிறவர்கள் சிலர், பிரிக்கும்போது காற்றுப் பட்டு நெருப்பு வந்தால் யார் பொறுப்பு என்று பின்வாங்கினார்கள். அதுவும் நியாயம்தான். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதே.

ரசமட்டம் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அந்த நேரத்திலும் மடிப்பு நேராக இருந்தது.

"நான் அடுக்கினது. நானே பிரிக்கிறேன். பயப்படறவங்க வெளிய நின்னு வாங்கிக்கோங்க. வெக்கறதுக்கு எடம் மட்டும் யாராவது குடுங்க."

மீன்தூளைச் சுமக்கலாம், தைக்கலாம். வீட்டுக்குள்ளே கொண்டுபோய் வைக்க யார் வருவார்கள்? தையல்காரி சொன்னாள்: "மொத மூட்டைங்க எங்க வீட்டுக்குப் போகட்டும். கூடம் சும்மாதான் கெடக்கு."

சும்மா கிடக்கவில்லை. மாமியாரின் கட்டில் அங்கேதான் கிடந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். அப்புறம் லாரிக்காரர் தன் கொட்டகையில் இடம் இருக்கிறது என்றார். முடிவெட்டுகிறவர் கடையின் பின்கட்டைக் கொடுத்தார். டியூஷன் வாத்தியார் பெஞ்சுகளை மாடிக்கு ஏற்றிவிடுகிறேன் என்றார். படகுக்காரர்கள் மீன் ஏலக்கூடத்தைக் கழுவித் துடைத்து விட்டார்கள். ரொம்பச் சூடான மூட்டைகளை அங்கே பிரித்துக் கொட்டிப் பரப்பி ஆற்றலாம் என்றார் மேனேஜர். தெருவுக்குத் தெரு செய்தி போனது. தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் வரிசையாக வந்து நின்றார்கள். தீயணைப்பு வண்டி ஒன்று கேட் அருகே தயாராக நின்றது.

ரசமட்டம் உத்தரம் வரை ஏறி, கடைசியாக வைத்த மூட்டையை முதலில் உருவினார். எந்த மூட்டை எதைப் பூட்டியிருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்! வேறு யார் கை வைத்திருந்தாலும் அட்டி அவர்கள் மேலேயே சரிந்திருக்கும். எத்தனை நேர்த்தியாக ஏற்றினாரோ அத்தனை நேர்த்தியாக இறக்கினார். பயந்து வெளியே நின்ற ஆட்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு ஒவ்வொருவராக உள்ளே வந்து தோள் கொடுத்தார்கள். கை மாறி, தோள் மாறி, கைவண்டியிலும் பைக்கிலும் ஏறி மூட்டைகள் ஊருக்குள் நடந்தன. மேலே ஆரம்பித்த வேலை அடி அட்டிக்கு வர நாட்கள் பிடித்தன. இருட்டும்போது நிறுத்தி, விடிந்ததும் தொடங்கினார்கள்.

நடு அட்டிக்கு வந்தபோது புகை வந்தது. கன்னங்கரேலென்று கருகிப்போன மூட்டைகள் உள்ளே உட்கார்ந்திருந்தன. மற்றவர்கள் எல்லாரும் வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டு, ஈரச்சாக்கைத் தோளில் போர்த்திக்கொண்டு ரசமட்டம் ஒற்றை ஆளாக உள்ளே போனார். ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து முற்றத்து மழையில் எறிந்தார். விழுந்த இடத்தில் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. தையல்காரி வாசலில் நின்று, அவர் வெளியே வரும்போதெல்லாம் புதுச்சாக்கை நனைத்துக் கொடுத்தாள். உள்ளே போகும் முதுகைப் பார்க்கும்போது உயிர் போய் உயிர் வந்தது. கடைசி மூட்டையும் வெளியே விழுந்த பிறகு மனுஷன் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு தோளும் வெந்து கொப்புளித்திருந்தன. கொடௌன் காலியாகக் கிடந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, புகை என்று சொன்னார். அவளும் புகைதான் என்றாள். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அவள் அன்றைக்குப் பட்ட சந்தோஷம் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

அடுத்து வந்த மாதங்கள்தான் கூத்து. வீட்டுக்கு வீடு கூடத்தில் மூட்டைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, சம்பந்தி வீட்டு விருந்தாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஊரில் உள்ள பூனைகள் எல்லாம் அந்த வீடுகளைத் தேடி வந்து குடித்தனம் நடத்தின. திருட்டுப் பயம் மட்டும் இல்லவே இல்லை. எவன் தூக்கிக்கொண்டு ஓடுவான், ஓடினால் மூக்கை வைத்தே பிடித்துவிடலாமே! காலையில் எழுந்ததும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். மேனேஜர் கம்பியோடு ஒரு பக்கமும் தையல்காரி கோணி ஊசியோடு ஒரு பக்கமுமாக வீடு வீடாகப் போய்ச் சூடு பார்த்தார்கள். டாக்டரம்மா என்று அவளுக்குப் புதுப்பெயர் விழுந்தது. டீக்கடையில் பன்றிகளை விசாரித்த கையோடு, உங்க மூட்டைக்குக் காய்ச்சல் விட்டதா என்றும் கேட்கத் தொடங்கினார்கள்.

கட்டிலை நகர்த்தியதற்கு மாமியார் முதல் வாரம் முழுக்கப் புலம்பினாள். இரண்டாவது வாரம், தன் காலடியில் இருந்த மூட்டையை யாரும் தொடக்கூடாது, தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மூன்றாவது வாரம் அதற்குச் சளி பிடிக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தினாள். சூடு ஏறும் அத்தை, திறந்து வையுங்கள் என்று மருமகள் சொல்ல, இருவருக்கும் அதற்கொரு சண்டை வந்தது.

ஊருக்கு அந்த மாதங்கள் சுலபமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வாங்கின பைக்குகள் கைமாறின. மாடிகள் பாதியில் நின்றன. டீசல் விலை ஏறியது, நம் காசின் மதிப்பு இறங்கியது, இரண்டும் சேர்ந்து இந்தச் சனங்களைப் போட்டு அரைத்தன. ஆனாலும் யாரும் தன் வீட்டு மூட்டையை வெளியே தள்ளவில்லை. ஒரு கோபத்துக்குக்கூடத் தள்ளவில்லை. அந்தச் சனங்களை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பன்றிகள் மெல்லத் தேறின. செத்தது போக மிச்சம் குட்டி போட்டது. சண்டை ஓய்ந்த பக்கமாக ஒரு கப்பல் திரும்பி வந்தது. விலை பழைய விலை இல்லை, சொல்லப்போனால் அதில் பாதிதான், ஆனாலும் கப்பல் வந்ததே! வீடுகளிலிருந்து மூட்டைகள் கிளம்பின. துறைமுகத்தில் கப்பல்காரர்களின் பரிசோதகர் நீண்ட கம்பியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு மூட்டை சூடாக இருந்தாலும் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் கண்ணில் பட்ட மூட்டையில் எல்லாம் குத்தினார். கம்பியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்ததற்குப் போனார். ஒரு மூட்டையை மட்டும் மோந்து பார்த்துவிட்டு, இதில் முகப்பவுடர் வாசனை வருகிறதே என்று குழம்பினார். அது முடிவெட்டுகிறவர் கடை மூட்டை. ரசமட்டம் இருமுவது மாதிரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். சரக்கு மொத்தமும் கப்பல் ஏறியது.

கொடௌன் மறுபடி நிரம்ப ஆரம்பித்தபோது ரசமட்டம் புதுமாதிரி அடுக்கினார். இரண்டு வரிசைக்கு ஒரு சந்து, ஒரு ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்குக் காற்றுப் போகும்படி. சந்தின் அகலம் எவ்வளவு என்று ஆட்கள் கேட்டார்கள். அவர் தையல்காரியைக் கூப்பிட்டார். நடுவே நடக்கச் சொன்னார். உடம்போடு ஒட்டித் தொங்கும் அவள் கைகள் இரண்டு பக்கமும் மூட்டைகளைத் தொட்டுக்கொண்டு போகிற அளவுக்கு வரிசையைத் தள்ளி வைத்தார். அதுதான் அளவு என்றார். தினமும் வேலை முடிவதற்கு முன் அவள் அத்தனை சந்திலும் கைகளால் தடவிக்கொண்டே நடந்து வரவேண்டும்.

"நீ இளைச்சிடாத" என்றார். "ஊரே எரிஞ்சு போயிடும்."

அவர் வாயிலிருந்து வேடிக்கைப் பேச்சு வந்து ஆட்கள் கேட்டதே இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. முதல் சந்தில் நடந்தாள். மறுமுனையில் அவர் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும் குளுகுளுன்னு இருக்குங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

ஒரே ஒரு குறை. சந்து விட்டு அடுக்கினால் கொடௌன் முன்பு கொண்டதில் பாதிதான் கொள்ளும். கப்பல் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஒழுங்காக வந்தால்தானே? அடுத்த மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் டிவியில் அதே கோட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை கோழிகளாம், அதுகளும் இந்தத் தூளைத் தின்கிறவைதான். இன்னொரு தேசத்தில், இன்னொரு காய்ச்சலாம். கப்பல் எப்போது வரும் என்று சொல்லமுடியாதாம். தையல்காரியும் புருஷனும் ஆலையிலிருந்து ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். மறுபடி ஒவ்வொரு வீடாகப் போய் இடம் கேட்கவேண்டும், போன தடவை கொடுத்த சனங்கள் இந்தத் தடவையும் கொடுப்பார்களா என்று வழியெல்லாம் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. அவருக்கும் அதே நினைப்புத்தான் என்று அவர் நடையில் தெரிந்தது.

முடிவெட்டுகிறவர் கடையைத் தாண்டும்போது கடைக்காரர் தன் பின்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் வீட்டில் பெஞ்சை மாடிப்படியில் ஏற்றும் சத்தம் கேட்டது. இன்னும் யாரும் போய்க் கேட்கவே இல்லையே.

வீட்டுக் கதவைத் திறந்தாள். கூடத்தின் நடு காலியாக இருந்தது. மாமியார் தன் கட்டிலைத் தானே இழுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, மூச்சு வாங்க அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தன மூட்டை வரும்?" என்றாள் மருமகளிடம். "அவன்கிட்ட சொல்லு. ஒட்டி ஒட்டி வெக்க வேணாம், சந்து விட்டு வெக்கட்டும்."